எங்கள் நூறு கிலோவைக் குவியலில் கொட்டச் சொல்லாதீர்கள்: ஸ்பெஷாலிட்டி காபி ரோஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் ஸ்பெஷாலிட்டி என்ற உயர்தரக் காபியை வாங்கி, வறுத்து, பாக்கெட்டில் விற்கும் ரோஸ்டர்களுக்கு,

500 கிலோவுக்குக் குறைந்த லாட்டை, அதாவது ஒரு தோட்டத்தின் ஒரே தரக் காபித் தொகுதியை, இந்தப் பருவத்திலிருந்து தனியாக வாங்கப்போவதில்லை என்று உங்களில் சிலர் முடிவு செய்திருக்கிறீர்கள். அவ்வளவு இல்லாதவர்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து ஒன்றாகக் கலந்து கொடுத்தால், மலையின் பொதுப் பெயரில் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் நான்கு வரியில் வந்து சேர்ந்த முடிவு இது. எங்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. என்னால் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

திண்டுக்கல் மாவட்டம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் எனக்கு மூன்று ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. அப்பா வைத்த செடிகள் பாதி, நான் வைத்தவை பாதி. எல்லாம் அரபிகா. நடுநடுவே ஆரஞ்சு, பலா, முள்முருங்கை, சில்வர் ஓக், அவற்றின் மேல் மிளகுக்கொடி. பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் எங்களைப் போன்றவர்கள்தான் அதிகம்: இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர், அண்ணன் தம்பி பாகம் பிரித்தபின் ஒன்றரை ஏக்கர்.

உங்கள் 500 கிலோவை எங்கள் நிலத்தில் வைத்துப் பாருங்கள். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,200 செடி நிற்கும். இந்தியாவில் அரபிகாவின் சராசரி விளைச்சல் சமீப வருஷங்களில் ஹெக்டேருக்கு 500 கிலோவை எட்டவில்லை. ஏக்கருக்கு 200 கிலோ என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் என் தோட்டம் முழுவதும் சேர்ந்து 600 கிலோதான். அதிலும் எல்லாமே உங்கள் தரத்துக்கு வராது. ஆங்காங்கே முன்னால் பழுத்ததை எடுக்கும் முதல் பறிப்பு, கடைசியில் காயும் பழமுமாக உருவி எடுப்பது, தண்ணீரில் மிதப்பது, வண்டு துளைத்தது, மழையில் வெடித்தது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது நூறு கிலோ, நூற்றைம்பது கிலோ. மழை ஒத்துழைத்த வருஷத்தில் இருநூறு. ஒரே தரத்தில் 500 கிலோ வேண்டுமென்றால் குறைந்தது ஏழெட்டு ஏக்கர் கையில் இருக்க வேண்டும். காபி வாரியக் கணக்கில் 10 ஹெக்டேருக்குள் வைத்திருப்பவர்கள் சிறு விவசாயிகள். நாட்டின் காபித் தோட்டங்களில் நூற்றுக்கு 98க்கு மேல் அவர்களுடையவை, விளைச்சலில் ஏறத்தாழ 70 சதவீதமும் அவர்களுடையதுதான். அந்த வரையறையிலும் அடிமட்டத்தில் இருப்பவர்கள் நாங்கள். உங்கள் நான்கு வரி எங்களைத்தான் வெளியே நிறுத்துகிறது.

அந்த நூறு கிலோ எப்படி வருகிறது என்று உங்களில் சிலருக்குத் தெரியும், தோட்டத்துக்கு வந்து பார்த்திருக்கிறீர்கள். பலர் பார்த்ததில்லை, அவர்களுக்காகச் சொல்கிறேன். மார்ச், ஏப்ரலில் செடியைப் பூக்க வைக்கும் பூ மழை ஒழுங்காக ஒரே வீச்சில் பெய்தால் பழமும் ஓரளவு ஒரே நேரத்தில் பழுக்கும். இப்போது அது விட்டுவிட்டுப் பெய்கிறது. ஒரே கிளையில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்து நிற்கிறது. பழுத்ததை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் அதே செடிக்கு நாலைந்து முறை போக வேண்டும். கிலோ கணக்கில் கூலி கொடுத்தால் யாராக இருந்தாலும் கிளையை உருவத்தான் செய்வார்கள், அவர்கள் வயிற்றுப்பாடு அது. அதனால் நான் நாள் கூலி கொடுக்கிறேன். ஒரு ஆள் உருவிப் பறித்தால் வருவதில் பாதிதான் பொறுக்கிப் பறித்தால் வரும். கூலி மட்டும் அதேதான்.

பறித்த பழத்தை அன்றைக்கே தண்ணீரில் போட்டு மிதவையை எடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் தோல் உரிக்கும் பல்பரில் விட வேண்டும். கொட்டை ராத்திரி தொட்டியில் ஊறும். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கடிகாரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. குளிர் அதிகமான நாளில் விடிந்த பிறகும் வழவழப்பு போயிருக்காது. கையை விட்டு ஒரு பிடி அள்ளித் தேய்த்தால் கூழாங்கல் மாதிரி கரகரவென்று இருக்க வேண்டும், அப்போதுதான் கழுவலாம். கொஞ்சம் தவறினால் புளித்த வாடை ஏறிவிடும், அப்புறம் அதை எதைச் செய்தும் எடுக்க முடியாது.

அடுத்து காய வைப்பது. கர்நாடகத்துத் தோட்டங்களுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இதில்தான். அங்கே பறிப்பு நடக்கும்போது பெரும்பாலும் நல்ல வெயில். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழையும் பறிப்பும் ஒரே நேரத்தில் வருகின்றன. நவம்பர், டிசம்பரில் காலை பத்து மணிக்குத்தான் வெயில் முகம் தெரியும், மூன்று மணிக்கு மூடுபனி இறங்கிவிடும். நடுவில் எப்போது தூறல் போடும் என்று சொல்ல முடியாது. தரையில் களத்தில் பரப்பினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் கம்பிவலை அடித்த கட்டில்கள் கட்டினேன். மணிக்கொரு தரம் கிளறணும், தூறினால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போடணும், வெயில் வந்ததும் எடுக்கணும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துவிடும். பழத்தோடு அப்படியே காய வைத்த நேச்சுரல் காபி வேண்டும் என்று கேட்கிறீர்களே, அதற்கு இந்த ஓட்டம் மூன்று வாரத்துக்கு மேல் இழுக்கும். ஈரம் 11 சதவீதத்துக்கு வந்ததா என்று பார்க்க மீட்டர் வேண்டும். அதைக் கடன் வாங்கித்தான் வாங்கினேன்.

இத்தனையையும் நூறு கிலோவுக்குச் செய்யலாம். மூன்று கட்டில், நான்கு கை, விடாத கவனம் இருந்தால் முடியும். அளவு சின்னதாக இருப்பதால்தான் இந்தக் காபி இப்படி வருகிறது. அந்தச் சின்ன அளவையே இன்று நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள்.

கலந்து கொடுங்கள் என்கிறீர்கள். என் அப்பா காலத்தில் கலந்துதான் கொடுத்தார்கள். 1942ஆம் வருஷத்துக் காபிச் சட்டத்தின்படி விளைந்ததையெல்லாம் வாரியத்தின் பொதுத் தொகுப்பில்தான் சேர்க்க வேண்டும். பணம் தவணை தவணையாக வரும். யார் தோட்டத்துக் காபி எந்த மூட்டையில் போனது என்று யாருக்கும் தெரியாது. 90களில் படிப்படியாகத் தளர்த்தி, 1996ல் முழுவதுமாக அந்தக் கட்டு நீங்கியது. யாரிடம் வேண்டுமானாலும் விற்கலாம் என்ற உரிமை வந்தது. ஆனால் எங்களுக்கு நடைமுறையில் நடந்தது வேறு. மலையிலிருந்து மூட்டை அடிவாரத்துக்கு இறங்கும், வியாபாரி 50 கிலோ மூட்டைக்கு ஒரு விலை சொல்வார், என் காபியும் எதிர்வீட்டுக்காரர் காபியும் ஒரே குவியலில் விழும். பொறுக்கிப் பறித்தவருக்கும் உருவிப் பறித்தவருக்கும் ஒரே விலை. முதன்முதலில் தனியாக மூட்டை கட்டிக்கொண்டு போனபோது, "ஏம்மா, இந்த ரெண்டு மூட்டைக்குத் தனியா ஒரு பேரா?" என்று ஒரு வியாபாரி கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவருக்கு அப்படி ஒரு பழக்கமே இருந்ததில்லை.

அந்தப் பழக்கத்தை மாற்றியவர்கள் நீங்கள். நன்றியோடுதான் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர், உயரம், செடியின் ரகம், காய வைத்த விதம் என்று பாக்கெட்டில் போடத் தொடங்கியவர்கள் நீங்கள். அதை நம்பித்தான் எங்களில் சிலர் பொறுக்கிப் பறிக்க ஆரம்பித்தோம், கட்டில் கட்டினோம், கடன் வாங்கினோம். இப்போது திரும்பவும் ஒன்றாகக் கொட்டுங்கள் என்கிறீர்கள். இருபது பேர் கொட்டிய குவியலில் நன்றாகக் காய வைத்தவருக்கு என்ன கிடைக்கும்? சரியாகக் காய வைக்காத ஒருவரின் மூட்டை போதும், மற்றவர்களின் உழைப்பெல்லாம் கெட்டுப்போகும். ஒரே வருஷத்தில் எல்லோரும் பழையபடி உருவத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது.

சின்ன லாட்டுகளைக் கையாள்வது கஷ்டம் என்பது உங்கள் பக்கத்துக் காரணம். போக்குவரத்துச் செலவு, ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி, தனி லேபிள் எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் வறுவல் எந்திரங்களை நானும் பார்த்திருக்கிறேன். பலரிடம் இருப்பது ஒரு தடவைக்கு ஐந்து கிலோவோ பதினைந்து கிலோவோ வறுக்கிறவை. பதினைந்து கிலோ எந்திரத்தில் நூறு கிலோ என்பது ஏழு தடவை. வறுத்தபின் எடை குறைந்து 85 கிலோ நின்றாலும் கால் கிலோ பாக்கெட் 340 வரும். ஒரு மாதத்துக்கு ஒரு கடையில் விற்கக்கூடிய அளவு அது. 2025ல் பனாமாவில் நடந்த ஏலத்தில் கெய்ஷா என்ற ரகத்தின் ஒரு லாட், கிலோ 30,000 டாலருக்கும் மேலே போனது உங்களுக்கெல்லாம் தெரிந்த செய்தி. அந்த லாட்டின் மொத்த எடை 20 கிலோ. என் காபியை அதோடு வைத்துப் பேசவில்லை, அந்த ரகம் வேறு, மண் வேறு. அளவு சின்னது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு காபியைத் தள்ள வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், இது பல வருஷமாக மனதில் கிடக்கிறது. மாதிரி கேட்கிறீர்கள், பொறுக்கி எடுத்த பச்சைக் கொட்டை ஒரு கிலோ கூரியரில் அனுப்புகிறோம். பதிலே வராத மாதிரிகள்தான் அதிகம். பிடிக்கவில்லை என்றாவது ஒரு வார்த்தை வந்தால் போதும், அதுவும் வருவதில்லை. ஒரு பருவத்தில் ஒரு வாங்குநர் மாதிரியைக் குடித்துப் பார்த்துவிட்டு நூற்றுக்கு 82 புள்ளி என்று போனில் சொன்னார், விலையும் பேசினார். மூட்டை நகரத்துக்குப் போய் இறங்கிய பிறகு சுவையில் குறை இருக்கிறது, கிலோவுக்கு இவ்வளவு குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். என்ன குறை? புளிப்பா, மண்வாடையா, ஈரமா? சொல்லத் தெரியவில்லையா, சொல்ல விருப்பமில்லையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திருப்பி எடுத்துவர லாரி வாடகை யார் கொடுப்பது? கொடுத்த விலையை வாங்கிக்கொண்டேன். அந்தப் பணமும் வந்து சேர அடுத்த பூ மழை வந்துவிட்டது.

ஒன்று நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கு 80 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால்தான் ஸ்பெஷாலிட்டி. அந்தப் புள்ளியைப் போடுவது நீங்கள், சுவைப்பது நீங்கள், விலை முடிவு செய்வதும் நீங்கள். விளைவித்தவளுக்குத் தன் காபி எப்படி இருக்கிறது என்றே தெரியாது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வைத்துக்கொள்வது கீழே உதிர்ந்ததும் மிதந்ததும்தான். இரும்புச் சட்டியில் கறுக வறுத்து, வெல்லம் போட்டுக் குடிப்போம். நல்லதெல்லாம் விற்க. தோட்டத்துக்கு வந்திருந்த ஒரு ரோஸ்டர் தம்பி கையோடு கொண்டுவந்த சின்ன எந்திரத்தில் எங்கள் கொட்டையை இளம் வறுவலாக வறுத்து ஊற்றிக் கொடுத்தபோதுதான், அதில் நாரத்தைத் தோல் மணம் இருப்பது எனக்கே தெரிந்தது. அந்த வருஷம் கழுவும் நேரத்தை இன்னும் கவனமாகப் பார்த்தேன். ஒரு கோப்பை குடித்ததில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவு. மாதிரி அனுப்பிய ஒவ்வொரு தடவையும் இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தால் எங்கள் மலைக் காபி இன்று எங்கேயோ போயிருக்கும்.

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை காணாத விலை. அடிவாரத்து வியாபாரிகள் சாதாரணப் பார்ச்மெண்டுக்கே, அதாவது கழுவிக் காய வைத்த, மேல் உமி நீக்காத கொட்டைக்கே, நீங்கள் எங்களிடம் முன்பு பேசிய விலைக்குப் பக்கத்தில் கொடுத்தார்கள், அதுவும் கையில் ரொக்கமாக. பொறுக்க வேண்டாம், கிளற வேண்டாம், காத்திருக்க வேண்டாம். பலர் அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள். நான் பேசிய பேச்சுக்காக உங்களுக்கே அனுப்பினேன், என்னைப் போல இன்னும் சிலரும் அனுப்பினார்கள். விலை ஏறியபோது நாங்கள் உங்களை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு வந்த செய்திதான் அந்த நான்கு வரி.

உங்கள் பாக்கெட்டுகளில் நிழலில் விளைந்த காபி என்று எழுதுகிறீர்கள், பறவைப் படம் போடுகிறீர்கள். அந்த நிழல் தானாக நிற்பதில்லை. வருஷா வருஷம் மரம் ஏறிக் கிளை கழிக்க ஆள் வேண்டும். கையில் பணமில்லாத வருஷத்தில் விவசாயி முதலில் விற்பது சில்வர் ஓக்கைத்தான், மர வியாபாரி வாசலுக்கே வருவார். மரம் போனால் வெயில் நேராகத் தண்டில் விழும், வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அப்படிப்பட்ட செடியைத்தான் தேடி வரும். துளைப்பான் விழுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. புதிதாக நட்ட கன்று காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரை எதைச் சாப்பிடுவது? பட்டர் ஃப்ரூட் நடுகிறார்கள், அதுகூடப் பரவாயில்லை. சாலையோர நிலமாக இருந்தால் காட்டேஜ் கட்ட விற்றுவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறார்கள். என் பள்ளித் தோழிகளின் வீட்டு நிலங்களில் பாதி இப்போது அவர்கள் கையில் இல்லை.

எனக்குக் கீழே இறங்கும் எண்ணமில்லை. இந்த மலையில் இருந்தே என் காபிக்கு ஒரு பெயர் எடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. 2019ல் குடகு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு, ஆந்திராவின் அரக்கு ஆகிய ஐந்து இடத்துக் காபிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அரக்கில் ஆதிவாசி விவசாயிகள் துண்டு துண்டு நிலங்களில் விளைவித்ததுதான் உலகம் முழுவதும் பேசப்படுகிறது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுக் காபி ஒன்றுகூட இல்லை. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, ரகங்கள் இருக்கின்றன, உயரம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் காபி குடிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். தொட்டியும் கட்டிலும் வைத்து, சுற்றியுள்ள பத்துப் பதினைந்து பேர் தங்கள் பழத்தைத் தனித்தனியாகப் பதம் செய்துகொள்ள ஒரு கொட்டகை போட வேண்டும். ஒரு சின்ன வறுவல் எந்திரமும் சுவைத்துப் பார்க்க ஒரு மேசையும் அதில் இருக்க வேண்டும். என் மகள் கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். காபி சுவைப்பவளாகப் பயிற்சி எடுத்து ஊருக்குத் திரும்புவேன் என்கிறாள். அவள் திரும்பி வரும்போது தோட்டம் இருக்க வேண்டும், அதை வாங்க ஆளும் இருக்க வேண்டும்.

அதனால் உங்களிடம் நேராகக் கேட்கிறேன்.

500 கிலோ என்ற அந்த விதியை இந்தப் பருவத்திலேயே திரும்பப் பெறுங்கள். ஒரு சாக்கு, அதாவது 50 கிலோ, தனி லாட்டாக ஏற்கப்படும் என்று எழுத்தில் அறிவியுங்கள். போக்குவரத்துதான் தடை என்றால் அதற்கு நாங்கள் பொறுப்பு. பன்னிரண்டு பேரின் மூட்டைகளை ஒரே வண்டியில் ஏற்றி, ஒவ்வொரு மூட்டையிலும் விவசாயி பெயர், தோட்டம், பறித்த வாரம், ஈரப்பதம் எழுதிக் கட்டி அனுப்புகிறோம். வண்டி ஒன்றாக இருக்கட்டும், காபி தனித்தனியாக இருக்கட்டும்.

மாதிரி அனுப்பினால் பதினைந்து நாளுக்குள் பதில் வேண்டும். எத்தனை புள்ளி, என்ன நல்லது, என்ன குறை என்று தமிழில் நாலு வரி போதும், குரல் பதிவாக அனுப்பினாலும் சரி. மாதிரியைப் பார்த்து விலை பேசி முடித்த பிறகு, மூட்டையின் ஈரம் பேசிய அளவில் இருக்கும்வரை விலையைக் குறைக்கக் கூடாது. குறை இருப்பதாக நீங்கள் நினைத்தால் இரண்டு தரப்புக்கும் பொதுவான ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். காபி வாரியத்துக்குப் பெங்களூரில் தர ஆய்வகம் இருக்கிறது. அங்கே வரும் முடிவு எனக்குப் பாதகமாக இருந்தால் செலவை நான் ஏற்கிறேன், உங்களுக்குப் பாதகமாக இருந்தால் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பொறுக்கிப் பறிக்கும் கூலி பறிப்பின்போதே கையில் இருக்க வேண்டும். பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்கை நவம்பரில் முன்பணமாகக் கொடுங்கள், மீதியை மூட்டை வந்து சேர்ந்த முப்பது நாளுக்குள் கொடுங்கள். சந்தை விலை எவ்வளவு இறங்கினாலும் அதற்குக் கீழே போகாத ஓர் அடிவிலையையும் பறிப்புக்கு முன்பே பேசிவிடுவோம். விலை ஏறினால் எங்களுக்கும் அதில் ஒரு பங்கு வரும்படி அந்தப் பேச்சு இருக்கட்டும்.

பாக்கெட்டில் எங்கள் பெயரைப் போடுகிறீர்கள், கூடவே எங்களிடமிருந்து கிலோ என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதையும் போடுங்கள். உங்கள் வாடகை, மின்சாரம், சம்பளம் எதையும் நான் கணக்குக் கேட்கவில்லை. கால் கிலோவுக்கு 500, 600 ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு அதில் விவசாயிக்கு எவ்வளவு போனது என்று தெரியட்டும். நியாயமாகக் கொடுக்கிறவர்களுக்கு அதனால் நல்ல பெயர்தான் வரும்.

கடைசியாக ஒன்று. பறிப்பு தொடங்குவதற்கு முன் உங்களில் நான்கைந்து பேராவது மலைக்கு வாருங்கள். எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து பேசலாம், எங்களுடைய போன வருஷக் காபியை எங்கள் முன்னாலேயே வறுத்து எல்லோரும் குடித்துப் பார்க்கலாம். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. அக்டோபர் முதல் வாரத்துக்குள் உங்கள் பதில் தெரிந்தால்தான் பறிப்புக்கு ஆள் பேசுவதா, கட்டில்களுக்கு வலை மாற்றுவதா, இல்லை எல்லாவற்றையும் மூட்டையாக அடிவாரத்துக்கே அனுப்புவதா என்று எங்களால் முடிவெடுக்க முடியும். அந்த வாட்ஸ்அப் செய்தி வந்த எண்ணுக்கே இந்த மடலையும் அனுப்பியிருக்கிறேன். பதிலை அதிலேயே எழுதுங்கள், எங்கள் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்பழனி மலையிலிருந்து ஒரு காபி விவசாயி